பொலிகிடாவுக்கு மூன்றாவது ஹார்மோன் ஊசி போடலாமா?

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் கன்னி ஆடு வளர்க்கிறேன். நாலு பல் பொலிகிடா ஒன்று, சித்திரை வெயிலுக்கு அப்புறம் பெட்டைகள் பக்கமே போகவில்லை. தெரிந்தவர் சொல்லி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி இரண்டு முறை போட்டோம். வேகம் வந்தது. ஆனால் சேர்ந்த பெட்டைகள் மூன்று வாரத்தில் மறுபடியும் பருவத்துக்கு வந்துவிட்டன. விதையும் சிறுத்து, தொட்டால் தொளதொளவென்று இருக்கிறது. இன்னொரு ஊசி போடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. விதை சிறுத்ததற்கு அந்த ஊசியே காரணமாக இருக்கலாம்.

விதைக்குள் விந்தணு உண்டாகும் நுண்குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் இடுக்கில் இருப்பவை லேடிக் செல்கள். கொலஸ்டிராலில் இருந்து டெஸ்டோஸ்டிரோன் செய்வது அவைதான். ஆனால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் வேலை நடக்கும். அது வந்து தொட்டதும் எஸ்.எஃப்-1, காட்டா-4, நர்77 போன்ற புரதங்கள் மும்முரமாகின்றன. இவற்றை டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்பார்கள். மரபணுவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, அதை வேலை செய்ய வைப்பவை இவை.

அப்படி இவை முடுக்கிவிடும் மரபணுக்களில் முக்கியமானது ஸ்டார். அதிலிருந்து வரும் புரதம்தான், டெஸ்டோஸ்டிரோன் தயாரிப்பு தொடங்கும் இடமான மைட்டோகாண்ட்ரியா என்ற செல்லின் உள்ளறைக்குள் கொலஸ்டிராலைக் கொண்டு சேர்க்கிறது. களத்தில் நெல் மலையாகக் குவிந்திருந்தாலும், மில்லுக்குள் தூக்கிப் போட ஆள் இல்லாவிட்டால் அரிசி வராது அல்லவா? ஸ்டார் குறைந்தாலும் அதே கதிதான்.

இப்போது ஊசிக்கு வருவோம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறியதும், ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதென்று மூளை எல்.எச்.சைக் குறைத்துவிடுகிறது. எல்.எச். வராவிட்டால் நான் சொன்ன புரதங்கள் அடங்கிவிடும், ஸ்டாரும் குறையும். லேடிக் செல்கள் தங்கள் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். ரத்தத்தில் ஏறிய ஹார்மோன் கிடாவுக்கு ஆசையை உண்டாக்கப் போதும். விந்தணு உருவாகவோ, விதைக்குள்ளேயே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். ஊசியால் அந்த அளவைக் கொடுக்க முடியாது. அதனால்தான் கிடா ஏறியும் பெட்டைக்குச் சினை பிடிக்கவில்லை.

முதலில் வேகம் குறைந்ததற்கு வெயில் காரணமாக இருந்திருக்கலாம். விதை, உடல் சூட்டைவிட 4 முதல் 5 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெயிலின் உளைச்சலில் கார்டிசோல் என்ற ஹார்மோன் கூடும். செல்லுக்குள் கார்டிசோலைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியும் ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்தான். அது லேடிக் செல்லின் ஹார்மோன் உற்பத்தியை அமுக்கிவிடும். காய்ச்சல், கால் வீக்கம் என்று கார்டிசோலைப் போலவே வேலை செய்யும் டெக்ஸாமெதசோன் மருந்தை அடிக்கடி போட்டிருந்தாலும் இதே விளைவு வரும். போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது இது. கிடாவைப் பெட்டைகளிடமிருந்து பிரித்து, தகரக் கூரையின் கீழ் கட்டாமல் வேப்பமர நிழலில் கட்டுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பசுந்தீவனத்தோடு தாது உப்புக் கலவையும் கொடுங்கள். கால்நடை மருத்துவரிடம் விந்துப் பரிசோதனையும் புருசெல்லோசிஸ் ரத்தப் பரிசோதனையும் அவசியம் செய்துவிடுங்கள். புருசெல்லோசிஸ் என்பது பாக்டீரியாவால் வரும் நோய்; விதை கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மனிதருக்கும் தொற்றும் என்பதால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. பெட்டைகளுக்கு வேறு கிடா வாங்கிவிட்டால், அதற்கும் இந்த ரத்தப் பரிசோதனை வேண்டும்.

அவசரப்படாதீர்கள். ஆட்டில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 48 நாள். முதிர்ந்து வெளிவர இன்னும் ஒன்றிரண்டு வாரம். அதுவும் ஊசியின் தாக்கம் வடிந்த பிறகுதான் எண்ண வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தையல்காரர் டேப்பால் விதைப்பையின் பருத்த இடத்தில் சுற்றளவை அளந்து எழுதி வையுங்கள். சுற்றளவு ஏறி, விதை கெட்டிப்பட்டு, கிடா வாடையும் பழையபடி வந்தால் லேடிக் செல்கள் திரும்ப வேலையைத் தொடங்கிவிட்டன என்று நம்பலாம். அப்போதும் மறு விந்துப் பரிசோதனை முடிந்த பிறகே பெட்டைகளிடம் விடுங்கள். மூன்று, நான்கு மாதம் ஆகியும் மாற்றம் தெரியாவிட்டால், இந்தக் கிடாவை இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பதில் பயனில்லை.