ஹீட் ட்ரீட்மென்ட் (உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும்) அடுப்புக்கு எஸ்.எஸ்.ஆர். போதாதா, கான்டாக்டர் எதற்கு?

எஸ்.எஸ்.ஆர். (சாலிட் ஸ்டேட் ரிலே) என்பது அசையும் பாகமே இல்லாத சுவிட்ச். கன்ட்ரோலர் சொல்கிறபடி ஹீட்டருக்குக் கரண்டை விட்டு விட்டு அனுப்பும். சிக்கல், அது கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் கரண்ட் ஓடும். 800 டிகிரியில் நிற்க வேண்டிய அடுப்பு ஏறிக்கொண்டே போகும்.

அதனால்தான் அதற்கு முன்னால் கான்டாக்டர், அதாவது காந்தச் சுருளால் இயங்கி லைனையே துண்டிக்கும் சுவிட்ச்: இரண்டு போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), 25 ஆம்பியர். அடுப்புக் குமிழ் இறுகிக்கொண்டால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவோமே, அந்த வேலைதான். தனி தெர்மோகப்பிள் (வெப்பத்தை அளக்கும் சென்சார்) வைத்த இரண்டாவது கன்ட்ரோலர்தான் கான்டாக்டரை இயக்க வேண்டும். வேலை வெப்பத்துக்கு 50 டிகிரி மேலே கட் ஆகட்டும். ரீசெட் பட்டனை அழுத்தாமல் மறுபடி ஆன் ஆகக் கூடாது. கதவைத் திறந்தாலும் கான்டாக்டர் கட் ஆகும்படி, கதவின் லிமிட் சுவிட்சையும் அதை இயக்கும் லைனில் சேர்த்துவிடுங்கள்: எஸ்.எஸ்.ஆர். ஆஃப் நிலையிலும் கொஞ்சம் கசியும், கொறடு ஹீட்டர் கம்பியில் பட்டால் ஷாக்.

230 வோல்ட்டில் 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கே எஸ்.எஸ்.ஆர். 15 வாட் அளவு சூட்டைக் கக்கும். சென்னை மே மாத வெயிலில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் கேட்கவே வேண்டாம். 40 ஆம்பியர் எஸ்.எஸ்.ஆர்., சூட்டை வெளியேற்றப் பெரிய ஹீட் சிங்க் (உலோகத் துண்டு), இரண்டுக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் கட்டாயம். ரிச்சி தெருவில் வாங்கும்போது மலிவைப் பார்த்து மயங்காதீர்கள், லேபிளில் 40 என்று யாரும் அச்சடிக்கலாம். அடுப்பின் உடலுக்கு எர்த், லைனில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் கட் செய்யும் பிரேக்கர்).

‘எஸ்.எஸ்.ஆர். ஷார்ட் ஆனால் எம்.சி.பி. (ஓவர்லோடில் கட் செய்யும் பிரேக்கர்) விழுந்துவிடுமே’ என்பார்கள். விழாது: எஸ்.எஸ்.ஆர். ஷார்ட் ஆனாலும் ஓடுவது அதே 13 ஆம்பியர்தான், எம்.சி.பி.க்கு அது வழக்கமான லோடு.