வெள்ளிக்கிழமை தாஜ் மஹால்: பணத்தை யாரிடம், எங்கே கேட்பது?

கேள்வி: மதுரையிலிருந்து அப்பா, அம்மா, கணவர், மகனுடன் டெல்லி போயிருந்தோம். ‘ஒரே நாளில் ஆக்ரா, தனி கார், கைடு உட்பட’ என்ற திட்டத்தை ஓர் இணையதளம் மூலம் 11,000 ரூபாய்க்குப் பதிவு செய்தோம். 4,000 ரூபாயை ஆன்லைனில் கட்டினோம். மீதி 7,000 ரூபாயை டிரைவரிடம் ரொக்கமாகக் கொடுத்தோம், ரசீது தரவில்லை. தாஜ் மஹால் பக்கத்தில் போய் இறங்கிய பிறகுதான் வெள்ளிக்கிழமை அது மூடியிருக்கும் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. ‘ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேதாப் பாக் தோட்டத்திலிருந்து பார்த்தால் போதும்’ என்று கைடு கூட்டிப்போனார். அம்மாவுக்கு 72 வயது. அவர் வந்ததே தாஜ் மஹாலைப் பார்க்கத்தான்.

ஆக்ரா கோட்டையை அவசரமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, ஒரு கல் வேலைப்பாட்டுக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். ‘அரசு அங்கீகாரம் பெற்ற கடை’ என்று கைடு சொன்னதை நம்பி 18,000 ரூபாய்க்கு ஒரு பளிங்குத் தட்டு வாங்கினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் நகம் பட்டாலே கோடு விழுகிறது. டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்துத்தான் கட்டணம் என்று சொல்லியிருந்தும் 1,150 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். வந்த வண்டியும் ஓன் போர்டு, அதாவது வெள்ளைப் பலகை போட்ட சொந்த உபயோக வண்டி. ‘போலீஸ் கேட்டால் சொந்தக்காரர் வண்டின்னு சொல்லுங்க’ என்றார் டிரைவர். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

‘நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே’ என்கிறது இணையதளம். வண்டி அனுப்பிய டெல்லி டிராவல்ஸோ, நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் 2,000 ரூபாய் தருவதாகவும், இல்லாவிட்டால் அவதூறு வழக்கு போடுவதாகவும் சொல்கிறது. வழக்கு எதுவானாலும் டெல்லி நீதிமன்றத்தில்தான் என்று அவர்களுடைய விதிமுறையில் இருக்கிறது. பயணம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். அதற்காக நீங்கள் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதும் இல்லை. இதை முதலில் சொல்லக் காரணம், வெளியூரில் ஏமாந்தவர்களில் பலர் ‘அங்கே போய் யார் அலைவது’ என்று இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போட அனுமதிக்கிறது. 1986-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி கிடையாது. எனவே உங்கள் வழக்கு மதுரையில் நடக்கும், டெல்லிக்காரர்தான் அங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். ‘டெல்லி நீதிமன்றம் மட்டுமே’ என்று அவர்களாக அச்சடித்துக்கொண்ட வரிக்காக, சட்டம் தந்த இந்த உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பிரச்சினையை நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அதே விதிமுறையில் எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். அப்படிப்பட்ட வரி நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடிவிடாது என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. கால வரம்பு இரண்டு ஆண்டு. நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன், உங்கள் வழக்கின் உயிரே அதுதான். வாரந்தோறும் வெள்ளியன்று பொதுப் பார்வையாளர்களுக்குத் தாஜ் மஹால் கிடையாது என்பது திடீர் அறிவிப்பல்ல, பல ஆண்டுகளாக உள்ள நடைமுறை. ஆக்ராவுக்கு வண்டி விடுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. ‘வாடிக்கையாளர் விசாரித்துக்கொள்ள வேண்டியதுதானே’ என்று அவர்கள் வாதாடுவார்கள். வெறும் வாடகைக் காருக்கு மட்டும் பணம் கட்டியிருந்தால் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்திருக்கும். நீங்கள் கட்டியது கைடுடன் கூடிய சுற்றுலாவுக்கு. எந்த இடம் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தெரிந்து அதற்கேற்ப நாளைத் திட்டமிடும் வேலையைத்தான் அவர்களிடம் ஒப்படைத்தீர்கள். சட்டத்தின் 2(11) பிரிவு, தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. முந்தின நாள், அதாவது வியாழன் மாலை, வண்டி வரும் நேரத்தை உறுதிசெய்து அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் தாஜ் மஹாலின் பெயர் இருந்தால் அதைவிட நல்ல ஆவணம் வேண்டியதில்லை. மூடிய நாளுக்கு முந்தின மாலை வரை அந்தப் பெயரைச் சொல்லி உறுதி கொடுத்தவர், தெரியாது என்று தப்ப முடியாது.

மேதாப் பாக் கூட்டிப்போனதை மாற்று ஏற்பாடு என்று காட்டப் பார்ப்பார்கள். யமுனைக்கு அக்கரையில் நின்று தூரத்திலிருந்து பார்ப்பது தாஜ் மஹாலுக்குள் போய்ப் பார்த்ததாகாது. அந்த மாற்றத்துக்கு உங்கள் சம்மதத்தை முன்கூட்டியே யாரும் கேட்கவும் இல்லை. மனுவில் அம்மாவின் வயதையும், அவர் எதற்காக அவ்வளவு தூரம் வந்தார் என்பதையும் நாலு வரியில் நேராக எழுதுங்கள். மன உளைச்சலுக்கு இழப்பீடு தர நுகர்வோர் மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 72 வயதுத் தாயின் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்ள எந்த ஆணையத்துக்கும் நீண்ட வாதம் தேவைப்படாது.

யார் மீது வழக்கு? இணையதளம் முதல் எதிர்தரப்பினர், டெல்லி டிராவல்ஸ் இரண்டாவது. இணைய வணிகத்துக்கென 2020-ல் தனி விதிகள் வந்திருக்கின்றன. அவற்றின்படி இணையதளம் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலருக்கு நீங்கள் எழுத்தில் புகார் அனுப்பினீர்களா என்பது கடிதத்தில் இல்லை. அனுப்பவில்லை என்றால் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். திட்டத்தை விளம்பரம் செய்ததும் முன்பணத்தை வாங்கியதும் அவர்கள் என்பதால், ‘இடையில் இருக்கிறோம்’ என்ற ஒரு வரியோடு விலகிக்கொள்ள விடக்கூடாது. பொறுப்பு எவ்வளவு என்பதை ஆணையம் பிரித்துக்கொள்ளட்டும். இப்போது ஒருவரை விட்டுவிட்டு வழக்கு போட்டால், வந்து நிற்கும் மற்றவர் ‘அவர்தான் பொறுப்பு’ என்று வராதவரைக் கைகாட்டுவார்.

ரொக்கமாகக் கொடுத்த 7,000 ரூபாய்க்கு ரசீது இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடவடிக்கை என்கிறது அதே சட்டத்தின் 2(47) பிரிவு, ஆகவே அதையும் ஒரு புகாராகவே சேருங்கள். கொடுத்ததை நிரூபிக்க வழி இருக்கிறது. அன்றோ முந்தின நாளோ ஏடிஎம்மில் பணம் எடுத்திருந்தால் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வையுங்கள். 2,000 ரூபாய் ‘திருப்பித் தருகிறோம்’ என்று அவர்கள் எழுதிய செய்தியும் உங்களுக்கு உதவும். மீதிப் பணம் வரவில்லை என்று அவர்கள் அதில் எங்கேயும் சொல்லவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்க்ரீன்ஷாட்டாக மட்டும் வைக்காமல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, வேறொரு மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். அந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆவணத்துடன், அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று கூறும் சான்றிதழையும் பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

வண்டி விஷயத்தை நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் நெஞ்சைப் பதற வைத்தது. வாடகைக்கு ஆள் ஏற்றும் காருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவின்படி பர்மிட் வேண்டும், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். (மின்சார வண்டியானால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து.) வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோகத்துக்கு மட்டும். பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 192ஏ பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பர்மிட் எடுக்கும் கடமை வண்டி உரிமையாளருடையது, பயணிகளான உங்களுடையதல்ல. ஆகவே இதை வெளியே சொன்னால் நம் மேல் வழக்கு வருமோ என்ற தயக்கம் வேண்டாம்.

ஆனால் கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளும் யமுனா விரைவுச் சாலையில் அந்த வண்டிக்கு ஏதாவது ஆகியிருந்தால்? சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டினார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்திருக்கும். பர்மிட் இல்லாத வழக்குகளில், முதலில் கம்பெனி கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டதுண்டு. ஆனால் மூன்றாம் நபருக்கு (வண்டிக்கு வெளியே இருப்பவர்களுக்கு) மட்டுமான பாலிசியாக இருந்து, வண்டிக்குள் இருந்தவர்கள் நீங்களாகவும் இருந்தால், அந்த நிவாரணத்துக்கே பல ஆண்டு போராட வேண்டியிருக்கும். ‘சொந்தக்காரர் வண்டி’ என்று ஒரு வார்த்தை போலீசிடம் சொல்லியிருந்தால், அதே வார்த்தையை உங்கள் கோரிக்கைக்கு எதிராக எடுத்து வைப்பார்கள். இனி எங்கே போனாலும் வண்டி வாசலுக்கு வந்ததும் பலகையைப் பாருங்கள். எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் வண்டி எந்த வகையில் பதிவானது, இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரிந்துவிடும். வெள்ளைப் பலகை என்றால் ஏறாதீர்கள். ஒரு நாள் வீணானாலும் பரவாயில்லை. உங்கள் படங்களில் எதிலாவது அந்தக் காரின் எண் தெரிந்தால், அது பதிவான போக்குவரத்து அலுவலகத்துக்குத் தனியாகப் புகார் அனுப்புங்கள், நுகர்வோர் மனுவிலும் அந்தப் படத்தை இணையுங்கள்.

கைடு பற்றிச் சுருக்கமாக: மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்ட உரிமம் வேண்டும் என்று 1959-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆக்ரா கோட்டையும் அப்படிப்பட்ட இடம்தான். அவருடைய பெயரையும் உரிம விவரத்தையும் தரும்படி, வழக்குக்கு முன் நீங்கள் அனுப்பும் நோட்டீசிலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

அவதூறு மிரட்டலுக்கு வருவோம். நடந்ததை நடந்தபடி, பிறரை எச்சரிக்கும் நல்லெண்ணத்தோடு எழுதியது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் உள்ள விதிவிலக்குகளுக்குள் வரும். ஆனால் உங்கள் விமர்சனத்தை நிதானமாக ஒருமுறை படியுங்கள். ‘வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்று சொல்லவில்லை, 1,150 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள்’ என்பதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ‘திருட்டுக் கும்பல்’ மாதிரி ஏதாவது கோபத்தில் எழுதியிருந்தால் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். விமர்சனத்தை நீக்கினால்தான் பணம் என்ற செய்தியை அழிக்காதீர்கள். தவறே செய்யாதவர் எதற்கு 2,000 ரூபாய் தர முன்வருகிறார் என்ற கேள்வியை அது தானாகவே எழுப்பும். பணத்தை வாங்கிக்கொள்வதா என்றால், ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதித்தரச் சொன்னால் வாங்க வேண்டாம். அவர்களாகக் கணக்கில் போட்டுவிட்டால், ‘ஒரு பகுதியாக மட்டும் ஏற்கிறேன்’ என்று உடனே பதில் எழுதிவிடுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? கட்டிய 11,000, கூடுதலாகப் பிடுங்கிய 1,150, இவற்றோடு மன உளைச்சலுக்கு 50,000, வழக்குச் செலவுக்கு 10,000 என்று கேட்பது நியாயமாகத் தெரிகிறது. விமான டிக்கெட், ஹோட்டல், டெல்லி முழுப் பயணச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து லட்சம் கேட்கச் சொல்லிச் சிலர் தூண்டுவார்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கோட்டையை நீங்கள் பார்த்தீர்கள், டெல்லியில் மற்ற நாட்கள் நன்றாகவே போயிருக்கின்றன. மிகையாகக் கேட்டால் உண்மையான குறையின் கனமும் குறைந்துபோகும். முழுக் கட்டணமும் திரும்பாமல் ஒரு பகுதி மட்டும் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பணிந்துவிடுகின்றன. கூடவே இருவருக்கும் 15 நாள் அவகாசம் தந்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தீர்வு வராவிட்டால் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனுவைப் பதிவேற்றலாம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நாளாகும். அவர்கள் வராவிட்டால் அவர்கள் இல்லாமலேயே உத்தரவு வாங்கலாம். உத்தரவை மீறினால் 72-வது பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. டெல்லியில் இருக்கிறோம், மதுரை உத்தரவு என்ன செய்யும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பிரிவை நோட்டீசிலேயே நினைவுபடுத்துங்கள்.

பளிங்குத் தட்டை இந்த வழக்கோடு சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆக்ராவில் மாக்கல்லைப் பளிங்கு என்று தள்ளிவிடும் கடைகள் உண்டு. நல்ல பளிங்கில் நகத்தால் கோடு போட முடியாது என்பதால் உங்கள் சந்தேகத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க ஆய்வகப் பரிசோதனை தேவைப்படும், அதற்கு ஆணையமே பொருளை முத்திரையிட்டு அனுப்பும், செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டும். எளிதாக முடியக்கூடிய வெள்ளிக்கிழமை விவகாரமும் அதோடு சேர்ந்து இழுபடும். கடையின் மீது தனி மனு போடுங்கள். ‘அரசு அங்கீகாரம்’ என்று பொய்யாகச் சொல்லி விற்றதே அதில் முதல் குற்றச்சாட்டு. அதற்கும் மதுரை ஆணையம்தான், வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. அதுவரை பில்லையும் அட்டைப்பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். தட்டை யாரும் கீறிப் பார்க்காமல் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிடுங்கள்.