ஐடியா வராத நாட்களில் என்ன செய்வது? டிசைனர்களின் கேள்விகளும் பதில்களும்

கொழும்பில் லோகோ, போஸ்டர், பக்கெட் (பொதி உறை) டிசைன் செய்யும் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, மிளகாய்த்தூள் பக்கெட் ஒன்று செய்ய வேண்டும். மணிக்கணக்கில் பின்டரெஸ்ட் தளத்தில் மாதிரிப் படங்கள் பார்க்கிறேன், ஒன்றும் வருகுதில்லை. (வெள்ளவத்தை)

பதில்: பின்டரெஸ்ட்டை முதலில் திறப்பதுதான் பிரச்சினை, தங்கச்சி. 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் பொறியியல் மாணவர்களிடம் காரில் சைக்கிள் ஏற்றும் தாங்கி ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் ஒரு மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். படம் பார்த்தவர்களின் வரைபுகளில் அந்த மாதிரியின் அம்சங்களே திரும்பத் திரும்ப வந்தன, அதன் குறைகள் உட்பட. கண்ணில் பட்டதைக் கை விடாது.

அதனால் முதலில் பொருளிடம் போங்கள். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நின்று பாருங்கள். காய்ந்த மிளகாயின் சிவப்பு ஒரே சிவப்பு இல்லை. பிறகு ஒரு கடையில் ஆட்கள் பக்கெட்டை எப்படி எடுக்கிறார்கள், எந்தப் பக்கத்தைத் திருப்பி வாசிக்கிறார்கள் என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்து பென்சிலால் கிறுக்குங்கள், வடிவாக இருக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு பின்டரெஸ்ட் பாருங்கள், அப்போது அது உதவும்.

கேள்வி: கிளையன்ட் “வித்தியாசமா ஏதாவது செய்யுங்கோ” என்று மட்டும் சொல்கிறார். மூளை வேலை செய்யவில்லை.

பதில்: உங்கள் மூளையில் பிழை இல்லை. பிரீஃப், அதாவது யாருக்கு, எதற்கு என்ற வேலை விவரம், இல்லாததுதான் பிழை. யார் வாங்குவார், எங்கே வைத்துப் பார்ப்பார் என்று கேளுங்கள். அவருக்குப் பிடிக்காத டிசைன் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் ஆட்கள் மனம் திறந்து கதைப்பார்கள்.

கேள்வி: மூன்று மொழிப் போஸ்டர். ஆங்கிலத்தில் நன்றாக வந்தது. தமிழைப் போட்டதும் குலைந்துவிட்டது, அதோடு நிற்கிறேன். (கொட்டாஞ்சேனை)

பதில்: இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம். ஆங்கிலத்தில் முடித்துவிட்டு மற்ற இரண்டையும் மிச்ச இடத்தில் திணிக்கிறோம், அதுதான் முட்டுகிறது. தமிழிலிருந்து தொடங்கிப் பாருங்கள், தம்பி. உள்ளதில் நீளமான தமிழ்ச் சொல்லை எடுத்து, அது உடையாமல் நிற்கும் அகலத்தை முடிவு செய்யுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் குறிகள் மேலேயும் கீழேயும் போவதால் வரிகளுக்கு இடையில் தாராளமாக இடம் விடுங்கள். தமிழ் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுக்கவே வேண்டாம். “கொ” மூன்று துண்டாகச் சிதறலாம். முக்தா மலர், கேட்டமரன் (Catamaran), நோட்டோ ஆகிய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் இலவசம், போட்டுப் பாருங்கள். தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டால் ஆங்கிலம் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

கேள்வி: நடந்தால் ஐடியா வருமா?

பதில்: வரும். 2014இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இருவர், நடப்பவர்களுக்கு உட்கார்ந்திருப்பவர்களைவிட அதிக யோசனைகள் வருவதைக் கண்டார்கள். வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் அப்படித்தான். ஆனால் ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் வேலைக்கு நடை உதவவில்லை. ஆகவே தொடக்கத்தில் மரைன் டிரைவ் பக்கம் நடங்கள், தேர்ந்தெடுக்கும்போது உட்காருங்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் எதிலுமே விருப்பமில்லை. நித்திரையும் இல்லை.

பதில்: இதற்கு டிசைன் உத்தி எதுவும் சொல்ல மாட்டேன். இது உடம்பும் மனதும் களைத்திருப்பதாக இருக்கலாம். வேலையைக் குறையுங்கள், நம்பிக்கையான ஒருவரோடு கதையுங்கள், ஒரு டாக்டரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். போஸ்டர் பிந்தினால் பரவாயில்லை. இந்த வாரமே செய்யுங்கள்.