ஊசிக்கோடுகளுக்கு நடுவே என்ன தெரிகிறது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. படபடப்பு என்று இசிஜி எடுத்தோம். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்கிறார்கள். கோடுகளைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் அதிர்வது. அந்த இசிஜி தாளை மேசைமேல் விரியுங்கள். ஊசிபோல் உயர்ந்து நிற்பவை இதயத்தின் கீழறைகளின் துடிப்பு. நான் இன்றும் ஒரு காகித ஓரத்தில் இரண்டு ஊசிகளைப் பென்சிலால் குறித்து, அதை நகர்த்திப் பார்ப்பேன். (இயந்திரம் அச்சடித்துத் தரும் முடிவை அப்படியே நம்புவதில்லை.) சீரான துடிப்பென்றால் குறிகள் பொருந்திக்கொண்டே போகும். அம்மாவின் தாளில் இடைவெளி கன்னாபின்னாவென்று மாறும்.

அப்புறம், ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ‘பி அலை’ என்ற சிறு மேடு வரவேண்டும். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் அதிர்வதால் அது இருக்காது, அடிக்கோடு நடுங்கும். கை நடுங்கினாலும் கோடு அப்படித் தெரியலாம். ஆனால் அப்போது ஊசிகள் சீராகவே வரும்.

வேகத்தையும் நீங்களே பார்க்கலாம். தாள் வழக்கமாக நொடிக்கு 25 மி.மீ. ஓடும். 30 பெரிய கட்டங்கள் (ஒவ்வொன்றும் 5 மி.மீ.) என்றால் 6 நொடி. அதிலுள்ள ஊசிகளை எண்ணி 10ஆல் பெருக்குங்கள், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரிந்துவிடும்.

படபடப்பைவிட எனக்குக் கவலை ரத்தக்கட்டிதான். மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த வயதில் உறைவைத் தடுக்கும் மாத்திரை தேவையா என்று இதய மருத்துவரிடம் உடனே கேளுங்கள். தைராய்டு பரிசோதனையும் செய்துவிடுங்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.