லைன்மேனாக ஆடும் மகனும் மருத்துவப் படிப்பும்: முதலில் பார்க்க வேண்டியது பீடாதிபதியை

பல்கலைக்கழகத்தின் வட அமெரிக்க ஃபுட்போல் அணியில் லைன்மேனாக (முன்வரிசையில் நின்று எதிரணியோடு மோதும் வீரனாக) ஆடும் மகன் படிப்பைக் கோட்டைவிட்டு விடுவானோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் "படிப்பா, ஃபுட்போலா, ஒன்றைச் சொல்" என்று இப்போதே அவனை மடக்காதீர்கள். படிப்பை எவ்வளவு காலத்துக்கு இழுத்துப் படிக்க விடுவார்கள் என்று முதலில் கேட்டறியுங்கள். கனடாவில் இதற்குச் சரியான முன்னுதாரணம் லோரன் டுவெர்னே-டார்டிஃப்.

கியூபெக்கைச் சேர்ந்த இவர் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தபடியே அதன் அணியில் ஆடினார். 2013-இல் கனடாப் பல்கலைக்கழகங்களின் சிறந்த லைன்மேன் விருது கிடைத்தது. 2014 மே மாதம், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லின் ட்ராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி இவரை 6-ஆம் சுற்றில், 200-ஆவது ஆளாக எடுத்தது. அந்த ஆண்டு ஒரு ஆட்டத்திலும் இறக்கப்படவில்லை. 2015-இல் தாக்குதல் லைனில் (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில்) வலது கார்ட் என்ற இடம் இவருடையதானது. 2017-இல் 5 ஆண்டுகளுக்கு 4 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் ஒப்பந்தம். 2018 மே மாதம் மருத்துவப் பட்டம். 2020 பெப்ரவரியில் என்.எஃப்.எல் இறுதியாட்டமான சூப்பர் போலில் வெற்றி.

பெற்றோர் கவனிக்க வேண்டியது 2014-க்கும் 2018-க்கும் இடைப்பட்ட காலத்தை. ட்ராஃப்டின்போது அவர் படிப்பு முடிந்திருக்கவில்லை. ஆட்டப் பருவம் முடிந்ததும் மொன்றியல் திரும்பி, மருத்துவமனைப் பயிற்சியைத் துண்டு துண்டாகச் செய்து முடித்தார். என்.எஃப்.எல் பருவம் செப்டெம்பரில் தொடங்கி, இறுதிவரை போகும் அணிக்கு பெப்ரவரியில் முடியும். பயிற்சி முகாம் ஜூலைக் கடைசியில். ஏப்ரல், மே மாதப் பயிற்சிகளில் பெரும்பகுதி விருப்பத்தின் பேரில்தான்; ஜூன் முகாம் கட்டாயம். படிக்கக் கிடைப்பது இந்த இடைவெளிதான். பீடம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதுவும் வீண். சீஃப்ஸ் பயிற்றுநர் அன்டி ரீடின் தாயாரும் மக்கிலில் மருத்துவம் படித்தவர் என்பது டுவெர்னே-டார்டிஃபுக்கு வாய்த்த நல்லூழ். எல்லா அணியிலும் அப்படி ஒரு பயிற்றுநரை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே ட்ராஃப்டுக்கு ஓராண்டு முன்பே பீடாதிபதி அலுவலகத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பட்டத்தை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டு, மருத்துவமனைப் பயிற்சியை எத்தனை வாரத் துண்டுகளாகப் பிரிக்கலாம், விடுப்பில் இருக்கும்போது இடம் பாதுகாக்கப்படுமா. பயிற்றுநரின் வாய்வார்த்தை பீடத்தைக் கட்டுப்படுத்தாது. அதை நம்பிப் பரீட்சையைத் தவறவிட்டவனுக்கு மேன்முறையீட்டில் சொல்ல எதுவும் இருக்காது. பட்டத்தோடு கதை முடிவதுமில்லை. டுவெர்னே-டார்டிஃபுக்கு ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) 2022 வரை தள்ளிப்போனது. அந்தத் தாமதத்தையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

அடுத்தது ஆட்டத்தின் வேறுபாடு. கனடாவில் தற்காப்பு லைன் (பந்து இல்லாத அணியின் முன்வரிசை) பந்திலிருந்து ஒரு யார் தள்ளி நிற்க வேண்டும். அமெரிக்காவில் இடைவெளி பந்தின் நீளம் மட்டுமே, ஓரடிக்கும் குறைவு. இங்கே எழுந்து இரண்டடி வைத்தபின் மோதிப் பழகியவன், அங்கே முதல் அடி தரையில் படுமுன்பே இடி வாங்குவான். கனடா லைன்மேன்கள் அமெரிக்க முகாம்களில் முதல் வாரங்களில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பலம் குறைவு என்று நினைத்து எடையை ஏற்றுவது தவறான வைத்தியம். அமெரிக்க விதியில் நெருக்கமாக நின்று கையைப் பயன்படுத்தும் பயிற்சிதான் வேண்டும். தேர்வாளர்களும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. 225 இறாத்தல் பாரத்தை எத்தனை முறை தூக்குகிறான், 40 யாரை எத்தனை நொடியில் ஓடுகிறான் என்று அளப்பார்கள். ஏறத்தாழ 300 இறாத்தல் எடையுள்ள டுவெர்னே-டார்டிஃப் 40 யாரை 5 நொடிக்குள் ஓடினார்.

பணக் கணக்கையும் தெளிவாகப் பாருங்கள். 2025-இல் என்.எஃப்.எல் புது வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 8,40,000 அமெரிக்க டொலர். அது பருவம் தொடங்கியபின் வாராவாரம் தரப்படுவது. 90 பேர் முகாமில் 53 பேர்தான் அணியில் மிஞ்சுவார்கள். ஓகஸ்டில் வெட்டப்பட்டவனுக்கு அந்த ஊதியம் இல்லை. ஒப்பந்தத்தில் உத்தரவாதத் தொகை எவ்வளவு என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். தலைப்பில் வரும் மொத்தத் தொகையை நம்பி வீட்டுக்கடன் எடுக்காதீர்கள். காயமும் உண்டு: 2018 அக்டோபரில் கால் எலும்பு முறிந்ததால் டுவெர்னே-டார்டிஃப் அந்தப் பருவத்தில் பிறகு ஆடவில்லை.

கனடாவின் தொழில்முறை லீக்கான சி.எஃப்.எல்லை இரண்டாம் தரமாக எண்ணி ஒதுக்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு அணியிலும் குறிப்பிட்ட எண்ணிக்கைக் கனடா வீரர்கள் தொடக்க வரிசையில் இருந்தாக வேண்டும். அந்த இடங்களைப் பெரும்பாலும் தாக்குதல் லைனில்தான் நிரப்புகிறார்கள். உங்கள் மகனின் இடத்துக்கு அதனால் கிராக்கி அதிகம். பருவம் ஜூனில் தொடங்கி நவம்பரில் முடிவதால் ஜனவரித் தவணையை முழுதாகப் படிக்கவும் முடியும். ஊதியம் பல மடங்கு குறைவுதான். ஆனாலும் படிப்பை நீட்ட பீடம் மறுத்துவிட்டால், என் கணிப்பில் இதுவே உங்கள் மகனுக்குச் சரியான வழி.

இந்த வாரமே அவனோடு பீட அலுவலகத்துக்குப் போங்கள். பேசுவது அவனாக இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.