அரசு பணம், தனியார் பட்டம்

கேள்வி: கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்க என் மகள் விண்ணப்பிக்கவிருக்கிறாள். பல்கலைக்கழகம் தனியாருடையது என்றாலும் வேளாண் கல்லூரி அரசு சார்ந்தது, எனவே கட்டணம் குறைவு என்கிறார் கல்வி ஆலோசகர் ஒருவர். இது எப்படிச் சாத்தியம்?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஆலோசகர் கூறியதில் அரசுத் தொடர்பு உண்மை, கட்டணச் சலுகை தங்கள் மகளுக்குப் பொருந்தாது.

1865-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நிறுவப்பட்ட கார்னெல் ஒரு தனியார் பல்கலைக்கழகம். கால்நடை மருத்துவம் (1894), வேளாண்மை (1904), மனையியல் (1925), தொழிலாளர் உறவுகள் (1945) ஆகியவற்றுக்கு நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றிக் கல்லூரிகளை ஏற்படுத்தியபோது, அவற்றை நடத்தும் பொறுப்பைக் கார்னெலிடமே ஒப்படைத்தது. மாநில அரசின் நிதி, நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் வழியாக இந்த நான்குக்கும் வருகிறது. ஆனால் பேராசிரியர்கள் கார்னெலின் ஊழியர்கள். பட்டமும் கார்னெலின் பட்டமே. வேளாண் கல்லூரி மாணவர், தனியார் நிதியில் இயங்கும் கார்னெலின் பக்கத்துக் கல்லூரி வகுப்பிலும் அமர்ந்து படிக்கலாம்.

நம் ஊர் 'எய்டெட்' கல்லூரியை நினைத்துக்கொண்டால் பாதிதான் புரியும். இங்கே ஒரே வளாகத்தில் அரசு சம்பளம் பெறும் ஆசிரியரும் சுயநிதிப் பிரிவு ஆசிரியரும் பணிபுரிகிறார்கள். பட்டம் வழங்குவதோ பெரியார் பல்கலைக்கழகம். கார்னெலில் நிர்வாகமும் பட்டமும் ஒரே கையில் இருக்கின்றன.

அரசு தரும் பணத்துக்கு ஈடாக, மாநிலத்துக்குப் பயன்படும் ஆராய்ச்சியும், அதன் பலனை மக்களிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணியும் எதிர்பார்க்கப்படுகின்றன. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் நம் விவசாயிகளுக்குச் செய்யும் வேலையை, நியூயார்க்கின் மாவட்டங்களில் கார்னெலின் விரிவாக்க அமைப்பு செய்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. என் கருத்தில் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே இதுதான்.

கட்டணக் குறைப்பு நியூயார்க் மாநிலவாசிகளுக்கு மட்டுமே. வரி கட்டுவோரின் பிள்ளைகளுக்கு அரசு செய்யும் சலுகை அது. இளநிலைப் படிப்புக்குச் சேலத்திலிருந்து செல்பவர், கார்னெலின் தனியார் கல்லூரிகளுக்குரிய முழுக் கட்டணத்தையே வேளாண் கல்லூரியிலும் செலுத்த வேண்டும். வெளிநாட்டு மாணவர்க்கான நிதியுதவி குறைவு. சேர்க்கையின்போதே உதவி கோரினால், அதையும் கருத்தில் கொண்டே முடிவெடுக்கிறார்கள். டாடா அறக்கட்டளை 2008-இல் அளித்த கொடையிலிருந்து இந்திய இளநிலை மாணவர்களுக்கென ஓர் உதவித்தொகை நிதி உள்ளது. அதற்கான விதிகளைக் கார்னெலின் நிதியுதவி அலுவலகத்திடம் நேரடியாகக் கேட்டறிந்த பின்னரே ஆலோசகருக்கு முன்பணம் கொடுங்கள்.