அயர்லாந்து நெஜமாவே அவ்ளோ பணக்கார நாடா?

ஜிடிபிய, அதாவது நாட்டோட மொத்த உற்பத்திய, தலைக்கு எவ்ளோன்னு மட்டும் பாத்தா ஐரோப்பாவுலயே டாப் நாடுங்கள்ல ஒண்ணா இருக்கும், ஆனா அத அப்படியே நம்பிடாதீங்க. 2003-லருந்து கம்பெனி வரி வெறும் 12.5 சதவீதம், இங்கிலீஷ் பேசுற நாடு, ஐரோப்பிய யூனியன் மார்க்கெட்டும் கையில இருக்கு, அதனால ஆப்பிள், கூகுள் மாதிரி பெரிய கம்பெனிங்க வெளிநாட்டு லாபத்துல ஒரு பெரிய பகுதிய அங்க கணக்கு காட்டுறாங்க. 2015-ல ஜிடிபி ஒரே வருஷத்துல சுமார் 25 சதவீதம் ஏறுச்சு, முக்கிய காரணம் புது ஃபேக்டரி இல்லங்க, பேட்டன்ட் (கண்டுபிடிப்பு உரிமை) மாதிரி சொத்துங்கள அங்க மாத்துனதுதான். அப்புறந்தான் அரசாங்கமே இதெல்லாம் கழிச்சிட்டு தனியா ஒரு தேசிய வருமானக் கணக்கு போட ஆரம்பிச்சுது.

2024-லருந்து 75 கோடி யூரோவுக்கு மேல வருஷ வருமானம் வர்ற கம்பெனி குரூப்புக்கு இந்த வரி கொறஞ்சது 15 சதவீதம் ஆயிடுச்சு. வேலை, சம்பளம் எல்லாம் நெஜம்தான், ஆனா தலைநகர் டப்ளின்ல வீட்டு வாடகை கட்டியே சம்பளத்துல பெரிய பகுதி கரைஞ்சிடும், அங்க போக நெனைக்கிறவங்க மொதல்ல அத விசாரிங்க.